ஐந்தாம் மாடியில் நின்ற தண்ணீர்

விஜயராணி சுவரைத் தட்டினால், அதைப் பூசிய கொத்தனார் எந்த ஊரில் இருந்தாலும் அவருக்கு விக்கல் எடுக்கும். சரி, எந்த ஊரில் இருந்தாலும் என்பது கொஞ்சம் அதிகம்தான். திருவானைக்காவல் வரைக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு ரூபாய்க் காசின் விளிம்பால் மூன்று தட்டு, காதைச் சாய்த்து ஒரு நொடி, உடனே தீர்ப்பு: "உள்ள காலிங்க." ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் அடுக்ககம் கட்டுகிறவர்கள் அவரைக் கிரகப்பிரவேசத்துக்கு மறக்காமல் அழைப்பார்கள். அதற்கு முந்தின வாரம் மட்டும் அந்தத் தெருப் பக்கம் அவர் வராமல் இருந்தால் நல்லது என்று வேண்டிக்கொள்வார்கள்.

கைலாசபுரத்து பாய்லர் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் இன்ஸ்பெக்டர். இரும்புக் குழாய்க்குள் தண்ணீரை நிரப்பி, அழுத்தம் ஏற்றி நிறுத்திவைத்து, எங்கேயாவது கசிகிறதா என்று ஒவ்வொரு வெல்டிங்காகப் புறங்கையால் தடவிப் பார்க்கிற வேலை. "உள்ளங்கைக்கு வேர்க்கும், பொய் சொல்லும். புறங்கைக்குப் பொய் தெரியாது" என்பார். ஓய்வு பெற்ற பிறகும் பால் பாக்கெட்டைப் புறங்கையில் உருட்டிப் பார்க்காமல் வாங்கியதில்லை. பால்காரருக்குப் பழகிவிட்டது. புது மாப்பிள்ளைக்குத்தான், மாமியார் கையைத் தூக்கினாலே ஒரு நடுக்கம்.

இந்த அம்மாளுக்கு ஓர் ஆசை இருந்தது. கடலைப் பார்த்தபடி ஒரு வீடு. வருஷத்தில் இரண்டு மாதம் அங்கே சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அடைச்சு வச்ச தண்ணியவே பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு. அவுத்துவிட்ட தண்ணிய கொஞ்ச நாள் பாக்கணும்."

"வாசல்ல காவிரி ஓடுதே விஜயா, அது பத்தாதா?" என்றார் நாத்தனார் ஆனந்தவள்ளி.

"அதையும் முக்கொம்பு அணையில ஷட்டர் போட்டுல்ல விடுறாங்க அண்ணி?"

இலங்கையில் பெட்ரோலுக்கு ஜனங்கள் வரிசையில் நின்ற வருஷம், கணவர் ரங்கநாதன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. பொன்மலை ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நீர்கொழும்பில் கடற்கரை வீடுகளின் விலை வாரத்துக்கு வாரம் சரிவதை, கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோலக் கூடத்திலிருந்து அறிவிப்பார். திருச்சியிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம். வெளிநாட்டுக்காரர்களுக்கு அங்கே நிலம் வாங்க அனுமதி இல்லை. அடுக்ககத்தில் நாலாவது மாடியிலிருந்துதான் வீடு கொடுப்பார்கள். "மண்ணு இல்லாட்டி போகுது, ஆகாசத்துல குடுக்கட்டும்" என்று விஜயராணி பையை எடுத்தார். ஆனந்தவள்ளிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கடல் தாண்டி வீடாம். இனிமே துரைசானின்னுதான் கூப்பிடணும்."

தரகர் பிராங்க்ளின் காட்டியது ஐந்தாம் மாடி. பால்கனிக் கதவைத் திறந்ததும் கடல் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது. ரங்கநாதன் அப்போதே சரி என்று சொல்லிவிட்டார். விஜயராணி கடலை ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டுக் குளியலறைக்குள் போனார். வடிகால் துளையை ஈரத் துணியால் அடைத்தார். தரையில் இரண்டு விரல்கடை உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பினார். நீர்மட்டத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார்.

"மேடம், இங்க ஒருத்தரும் இப்படிச் செய்யிறதில்ல" என்றார் பிராங்க்ளின்.

"அதனாலதான் நான் செய்யறேங்க."

சாயங்காலத்துக்குள் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. இறங்கின தண்ணீர் எங்கே போயிற்று? விஜயராணி படியிறங்கி நாலாம் மாடிக் கதவைத் தட்டினார். திறந்தவர் ஷஹனாஸ். கூடத்தின் நடுவில் நீல வாளி. அதற்கு நேர் மேலே கூரையில் கறுப்புத் திட்டு.

"ரெண்டு வருஷமா இப்படித்தான். மேல் வீட்டுக்காரர் வெளிநாட்டுல. சொன்னா காதுல போட்டுக்கொள்றதே இல்ல" என்றார் ஷஹனாஸ்.

பிராங்க்ளின் உடனே வீட்டுச் சொந்தக்காரரை ஃபோனில் பிடித்து, விலையில் இன்னும் கொஞ்சம் குறைக்க வைத்தார். ரங்கநாதனின் முகம் தீபாவளியானது.

"விலையக் குறைச்சா ஓட்டை அடைஞ்சிருமா?" என்றார் விஜயராணி. "குறைக்க வேணாம். மொதல்ல சொன்ன விலையே இருக்கட்டும். தரையப் பேத்து சரி பண்ணச் சொல்லுங்க. வந்து திரும்ப டெஸ்ட் பண்ணிட்டு எடுத்துக்கறேன்."

"இதே கட்டடத்துல கசியாத வீடு வேற இருக்கு மேடம். இதைவிட மலிவு."

"ரிஜெக்ட் எழுதினத அப்படியே விட்டுட்டுப் போனா அதுக்குப் பேரு இன்ஸ்பெக்‌ஷன் இல்லைங்க, ஓட்டம்."

சொந்தக்காரர் சம்மதித்தார். ஆனால் இடையில் வேறு யாராவது ரொக்கத்தோடு வந்தால் கொடுத்துவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். நாலு மாதம் வேலை நடந்தது. ரங்கநாதன் ஒவ்வொரு நாளும் விலை இன்னும் சரிந்ததைப் படித்துக் காட்டிப் புலம்பினார். விஜயராணிக்கு விலை காதில் ஏறவில்லை. கடல் கைநழுவிப் போய்விடுமோ என்று மட்டும் சாப்பாட்டுக்கு நடுவே திடீரென்று கை நின்றுபோகும். யாரும் கவனிப்பதற்குள் ரசத்தைக் கரைத்துக் குடித்துவிடுவார்.

வேறு யாரும் வரவில்லை. போனார், டெஸ்ட் பண்ணினார், கோடு நகரவில்லை. முதலில் பேசிய விலைக்கே கையெழுத்துப் போட்டார். "ஊரே பாதி விலைக்கு வாங்குது, நீ மட்டும் ராஜா வீட்டுப் பொண்ணு" என்று கணவர் மூன்று நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தார். நாலாம் நாள் ஸ்ரீரங்கத்தில் காய்கறிக் கடையிலிருந்து வங்கி வரைக்கும், "விலை அடிமட்டத்துக்கு வர்ற வரைக்கும் காத்திருந்து அமுக்கிட்டோம்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தவரும் அவர்தான். விஜயராணி மறுக்கவில்லை. அந்த மனிதருக்கும் பெருமைப்பட ஏதாவது வேண்டுமே.

போன தை மாதம் ஆனந்தவள்ளி அங்கே விருந்துக்குப் போயிருந்தார். பால்கனி நாற்காலியை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல், "இருந்தாலும் அந்த விலைக்கு..." என்று இழுத்தார். அந்த நேரம் பார்த்து ஷஹனாஸ் தேங்காய்ப்பால் இனிப்பான வட்டிலப்பத்தோடு மேலே வந்தார்.

"விலைய விடுங்க அண்ணி" என்றார் விஜயராணி. "ரெண்டாவது டெஸ்ட்டு. இருபத்து நாலு மணி நேரம். இந்த நாற்காலிய அந்தக் குளியலறை வாசல்ல போட்டு உக்காந்தேன். கண்ணக் கொட்டல. ஒரு சொட்டு இறங்கல."

"இருபத்து நாலு இல்ல மேடம், முப்பது" என்றார் ஷஹனாஸ், தட்டை வைத்தபடி. "விடியக் காலையில நீங்க நாற்காலியிலயே நித்திரை. ஐயா எழுப்ப வந்தார், நான்தானே வேணாமென்டு சொன்னது. துணியை எடுக்காம அப்படியே விட்டுட்டு, நானும் எங்கட மகன் ஜமீலும் கீழ படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்க எழும்பினது பகல் பன்னெண்டு மணிக்கு."

ரங்கநாதன் கடலைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் மட்டும் குலுங்கியது. விஜயராணி ஷஹனாஸை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். பிறகு வட்டிலப்பக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, "முப்பது" என்று நாத்தனாரின் முகத்துக்கு நேராக மூன்று விரல்களை விரித்துக் காட்டினார்.