அண்ணி சொன்ன ஃபில்லம்

பொத்தேரியில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வகுப்பு நடத்திய ஒருவர் என் அண்ணிக்கு ஆங்கிலம் திருத்திய பகல் இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. அண்ணி கிளாஸ்கோவில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய பெற்றோர் தாம்பரத்திலிருந்து ஸ்காட்லாந்துக்குக் குடிபோனவர்கள். அண்ணனை மணந்து சேலையூரில் எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம் அந்த வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் வேலை கேட்டுப் போனார். ஸ்கூட்டரில் அழைத்துப்போனவள் நான். ரகரத்தை உருட்டி உருட்டி அவர் பேசியதைக் கேட்டவர், இது பிரிட்டிஷ் உச்சரிப்பே இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

“ஃபில்லம் இல்ல மேடம், ஃபிலிம். நீங்க முதல்ல நம்ம கோர்ஸ்ல சேந்துடுங்க” என்றார், மிகுந்த பரிவோடு.

திரும்பும் வழியெல்லாம் எனக்குத்தான் கோபம். அண்ணி பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தார்.

சாப்பிடும்போது வீட்டில் கதையைச் சொன்னார். அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பாதி ஆங்கிலமாகப் பேசும் மருமகளிடம் ‘சாப்ட்டியாம்மா’வுக்கு மேல் அவர் பேசியதே இல்லை. அந்தக் கூச்சத்துக்கு நானும் அண்ணனும்தான் காரணம். சிறு வயதிலிருந்தே அவருடைய ஆங்கிலத்தைக் கேலி செய்து வந்திருக்கிறோம். அன்று அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

“நானும் ஃபில்லம்னுதாம்மா சொல்லுவேன். இவங்க ரெண்டு பேரும் சிரிப்பாங்க.”

“எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் மாமா சொல்வாங்க. எங்க ஹெட்மாஸ்டர்கூட” என்றார் அண்ணி.

அப்பா எங்களை ஒரு பார்வை பார்த்தார். அன்று மாலை முழுக்க அவரும் அண்ணியும் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பார்த்தார்கள். இருவருக்கும் ‘ர்’ ஒரே மாதிரி அழுத்தமாக உருண்டது. அப்பா அவ்வளவு பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

இப்போது அண்ணி சொந்தமாகவே வகுப்பு நடத்துகிறார். போன மாதம் பம்மலில் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு அப்பா, அண்ணி, நான் மூவரும் ஷேர் ஆட்டோவில் போனோம். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா அண்ணியின் பேச்சைக் கேட்டு, எந்த ஊர் என்று விசாரித்தார். கிளாஸ்கோவில் இந்தியா என்று சொல்லும்வரை விடமாட்டார்களாம். இங்கே தாம்பரம் என்று சொல்லும்வரை விடமாட்டார்கள். அதனால் கேட்பவருக்கு வேண்டியதைச் சொல்லிவிடுவது அண்ணியின் வழக்கம். “தாம்பரம்தாங்க” என்றார்.

முன் சீட்டிலிருந்து அப்பா திரும்பினார். “கிளாஸ்கோன்னும் சொல்லும்மா. ரெண்டும் உன் ஊருதானே.”

அது எங்கே இருக்கிறது என்று அந்த அம்மா கேட்க, பம்மல் வரும்வரை அப்பாவே விளக்கினார்: அங்கத்திய மழை, ஆறு, கால்பந்துப் பைத்தியம். கடல் தாண்டிப் போகாத மனிதர். பாதி தப்பு. அண்ணி ஒன்றைக்கூடத் திருத்தாமல், முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.