நார்பர்ட் வாசலில் விழுந்த பனி

பஃபலோ நகரத்தில் நார்பர்ட் வஹோவியாக் குடியிருந்த தெருவில் அவரைத் திட்டாத வீடு ஒன்றுகூட இல்லை. அவருடைய சொந்த வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இருபத்தேழு வருஷமாக அவர் நகராட்சியின் பனி தள்ளும் லாரி ஓட்டினார். லாரி முன்னால் இருக்கும் பெரிய இரும்புத் தகடு, நடுரோட்டுப் பனியை வழித்து வலது பக்கம் தள்ளிக்கொண்டே போகும். அது போய் விழுவது ஒவ்வொரு வீட்டு வாசலிலும், இடுப்பு உயரத்துக்கு. தகட்டை ஒரு நொடி நேராக்கிப் பிடித்தால் ஒரு வாசல் தப்பிக்கும். தப்பித்த பனி எங்கே போகும்? பக்கத்து வாசலில் இரண்டு பங்காக விழும். மற்ற டிரைவர்கள் மாமியார் வீடு வந்தால் திருப்புவார்கள், பீர்க் கடை வந்தால் கட்டாயம் திருப்புவார்கள். நார்பர்ட் யாருக்கும் திருப்பியதில்லை. எதிர் வீட்டு ஃபினர்ட்டி ஒவ்வொரு பனிக்கும் தன் வாசல் குவியல் மேல் குட்டிக் கொடி ஒன்றை நட்டு, 'நார்பர்ட் மலை' என்று அட்டை எழுதி மாட்டுவார். நார்பர்ட் லாரியை நிறுத்தி அதற்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போவார்.

தெரு ஒரு முட்டுச்சந்து. உள்ளே போகும்போது வலது கைப்பக்கம் கடைசி வீடு நார்பர்ட்டுடையது. அதைத் தாண்டினால் கம்பி வேலி.

ஊரை ஒட்டிய பெரிய ஏரியிலிருந்துதான் அங்கே பனி கிளம்பி வரும். அந்த வருஷம் ஏரி அவசரப்பட்டுவிட்டது. அக்டோபர் பாதியில், மரங்கள் இலையோடு நிற்கும்போதே, ஒரே ராத்திரியில் இரண்டடி கொட்டியது. வாசல்களில் ஹாலோவீன் பண்டிகைக்காக முகம் செதுக்கி வைத்த பூசணிக்காய்கள் வெள்ளைத் தொப்பி போட்டுச் சிரித்தன. பாரம் தாங்காமல் கிளைகள் முறிந்து கம்பிகள் மேல் விழ, மின்சாரமும் போனது.

காலையில் அவர் மனைவி லூசில் இருட்டு அடுப்படியில் காபி ஊற்றினாள். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய் மூன்று வருஷம். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ்.

"இன்னைக்கு வியாழக்கிழமை, நார்ப்."

"தெரியும்."

"செவ்வாக்கிழமை மெஷின் கெட்டுப்போச்சுன்னு பாதியில அனுப்பிட்டாங்க. காலைப் பாரு, ரொட்டி மாவு மாதிரி உப்பியிருக்கு. இன்னைக்குத் தவறினா மூச்சு முட்டிடும்னு நர்ஸ் சொன்னா. ஒரு மணிக்கு வேன் வரும். நம்ம வாசல்ல மட்டும் தகட்டைத் திருப்பிடேன்."

"நமக்குத் திருப்பினா எல்லாருக்கும் திருப்பணும்."

"நமக்கு அப்புறம் வேலிதானே இருக்கு. வேலிக்கு என்ன, இடுப்புப் பிடிச்சுக்கப்போகுதா?"

நார்பர்ட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஃபினர்ட்டி கண்ணுக்கு வேலி தெரியாதுடி, என் வீடுதான் தெரியும். வேன்காரன் இறங்கி நாலு வாரு வாரிப் போட்டா வழி வந்துடும்."

ஜனவரிப் பனியை மனதில் வைத்துச் சொன்ன பேச்சு அது. ஜனவரிப் பனி கோதுமை மாவு. இது ஈரம், குழைத்த சிமென்ட். ஊரில் இது யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உதிர்ந்த இலையை உறிஞ்சி அள்ளுவதற்காக லாரியில் மாட்டியிருந்த குழாயைக் கழற்றித் தகட்டைப் பூட்டவே பத்து மணி ஆகிவிட்டது. தன் தெருவுக்குள் அவர் நுழைந்தபோது பன்னிரண்டு. ஜன்னலில் லூசில் நின்றாள்; கையால் 'திருப்பு' என்று சைகை காட்டினாள். எதிர் ஜன்னலில் ஃபினர்ட்டி கை கட்டி நின்றார். நார்பர்ட்டின் கை, தகட்டைத் திருப்பும் நெம்புகோல் மேல்தான் இருந்தது. இருந்ததோடு சரி. பனி தொப்பென்று விழுந்தது. லூசில் திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

ஐந்து மணிக்கு வேலை முடிந்து வந்தார். குவியலின் நடுவே ஒரு வெட்டு. ஒரு பெண் ஒருக்களித்து நடக்கும் அகலம். பூச்செடிக்குக் குழி பறிக்கிற சின்ன மண்வெட்டி அதில் குத்தி நின்றது. பனி வாருகிற ஷவல் கொட்டகையில், கோடைக்கால நாற்காலிகளுக்குப் பின்னால் மாட்டிக் கிடந்தது. அவளால் இழுக்க முடிந்திருக்காது.

ஃபினர்ட்டி தன் படியில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக் கொடி இல்லை.

"யோவ் நார்ப். வேன் வந்துச்சு. வழி இருந்தாத்தான் ஏத்துவேன்னு டிரைவர் ஹாரன் அடிச்சிட்டே இருந்தான். அவளே வெட்டினா."

"நீ என்ன பண்ணின?"

"பூட்ஸ் பரண்ல. அக்டோபர்ல யாருய்யா பூட்ஸை இறக்கி வைப்பா? நான் தேடிப் போட்டுட்டு வர்றதுக்குள்ள பனியிலேயே உட்கார்ந்துட்டா. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க." நார்பர்ட் வாசல் குவியலைக் காட்டி, "எல்லாருக்கும் சமமாத்தான் போட்ட. நான் பாத்தேன்" என்றார்.

நார்பர்ட்டை அதற்கு முன் எத்தனையோ பேர் எத்தனையோ வார்த்தையில் திட்டியிருக்கிறார்கள். இது ஒன்றுதான் உள்ளே போனது.

ஆஸ்பத்திரியில் லூசில் ஒரே ஒரு தடவை பேசினாள்.

"ஃபினர்ட்டி பாத்தானா?"

"பாத்தான்."

"அப்ப சரி. உன் பேரு கெடல."

கேலியா, கோபமா என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. சனிக்கிழமை காலையில் அவள் இறந்துபோனாள்.

அடக்கம் முடிந்த ஆறாம் நாள் மறுபடி பனி. லீவு எடுக்கச் சொன்னார்கள், அவர் கேட்கவில்லை. தன் தெருவுக்குள் நுழைந்ததும் முதல் வாசலிலேயே தகட்டை நேராக்கினார். இரண்டாவதிலும் அப்படியே. ஓரத்தில் வழிந்ததை, லாரியைப் பின்னுக்கு எடுத்து எடுத்து, மறுபடி அள்ளினார். அவர் பக்கத்து வாசல்கள் அத்தனையும் துடைத்த மாதிரி கிடந்தன. ஜனங்கள் வெளியே வந்து வாயைத் திறந்து பார்த்தார்கள். லாரி முனகிக்கொண்டு கடைசி வரை வந்தது. அப்படியே வேலியில் தள்ளியிருக்கலாம். அவர் தகட்டை வலப்பக்கம் திருப்பி, தெருப் பனி மொத்தத்தையும் தன் வாசலில் இறக்கினார். ஜன்னல் மறைந்தது.

ஃபினர்ட்டி ஷவலோடு ரோட்டைத் தாண்டி வந்தார்.

"யோவ், நீ எப்படிய்யா உள்ள போவ?"

"எனக்கு அவசரம் இல்ல."

ஃபினர்ட்டி குவியலில் ஷவலைக் குத்தினார். ஓரத்திலிருந்து வாரத் தொடங்கினார். இந்த முறை பூட்ஸ் போட்டிருந்தார்.