ஊட்டியில் ஓடிய நீரோட்டம்

"சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று மானிட்டரின் தலையைத் தடவிவிட்டுத்தான் முனியப்பன் கடலை ஓடவிடுவார். தமிழகக் கரையோரக் கடல், மேற்கே மலை வரைக்குமான நிலத்தையும் சேர்த்துப் பத்தாயிரம் கட்டங்களாக, பெங்களூர் ஆய்வுக்கூடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் அவருடைய கணினிக்குள் இருக்கிறது. எந்தக் கட்டத்தில் நீர் எந்தப் பக்கம் போகும் என்று கணக்கிடுவது அவர் வேலை.

நாற்பத்திரண்டு வயது. நீலசந்திராவிலிருந்து சைக்கிளில் வருவார். திரையில் எண்களை மட்டும்தான் பார்ப்பார். "கலர் படமெல்லாம் சும்னே ஷோ குரு." கிழக்கு எல்லை வழியாகக் கடலேற்றம் உள்ளே நுழையும்போது கணக்குச் சிதறி, கடல் 'வெடித்துவிடும்'. உடனே ஸ்வெட்டரைக் கழற்றி மானிட்டர்மேல் போர்த்துவார். "பாடி எடுத்தாச்சு. டீக்குப் போலாம்." 1999-இல் மார்ச்சுக்குள் பதினேழு பாடி.

அவருடையது ஒப்பந்த வேலை. கணினிக்குள் பத்து நாள் கடலை வெடிக்காமல் ஓட்டிக் காட்டினால் இன்னும் ஓராண்டு. இல்லாவிட்டால் பொம்மசந்திராவில் மச்சானின் ஸ்க்ரூ கம்பெனி. பார்வையிடும் குழு வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு வருவதாக இருந்தது.

வெள்ளி காலை பார்த்தால், பத்து நாளும் ஓடி முடிந்திருந்தது! முனியப்பன் மேசை மேசையாக மைசூர்பாகு கொடுத்தார். குழுவுக்காகக் கடலின் ஆழப் படம் வரைந்துகொண்டிருந்த பக்கத்து மேசை நோரா மெல்லுவதை நிறுத்தினார்.

"என்னா மேன், இவ்ளோ பெரிய பள்ளம்?"

"ரெண்டாயிரம் மீட்டர் ஆழம். சூப்பர் இல்ல?"

"அது ஊட்டி, மேன்! கடலெல்லாம் தரையாக் கெடக்கு. நம்ம ஆபீஸ் தொள்ளாயிரம் மீட்டர் தண்ணிக்கு அடில இருக்கு. கடலேத்தம் உள்ளயே வரல, அப்புறம் எப்டி வெடிக்கும்?"

போன வாரம் வந்த புதிய உயர-ஆழக் கோப்பில் மலைக்குக் கூட்டல் குறி, கடலுக்குக் கழித்தல் குறி. அவருடைய நிரலுக்கோ ஆழம்தான் கூட்டல். குறியைத் திருப்ப மறந்திருந்தார்.

"இங்க பக்கத்துல ஆனேக்கல்ல துறைமுகமே கட்டலாம்" என்றார் நோரா.

முனியப்பன் குறியைத் திருப்பி, மறுபடி ஓடவிட்டார். அப்போது மணி பத்து. முழுதாக ஓட ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாப்பிடப் போகவில்லை. தும்மல் வந்தபோது எழுந்து வராந்தாவுக்குப் போய்த் தும்மிவிட்டு வந்தார்.

நான்கு மணிக்கு, இதுவரை ஆறாம் நாளைத் தாண்டாத கடல், பத்தாம் நாளில் நுழைந்திருந்தது. படிக்கட்டில் டக் டக்கென்று ஷூ சத்தம். இயக்குநர் சுந்தரராமன் குழுவோடு வந்துகொண்டிருந்தார்.

"என்னப்பா, ரன் முடிஞ்சுதா?"

முனியப்பன் கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டினார். உதட்டில் ஒரு விரலை வைத்தபடி, குழுத் தலைவரின் ஷூவைக் காட்டி, கழற்றச் சொல்லிச் சைகை செய்தார்.