காற்று வந்த பக்கம்

எங்கள் ஊர் தங்கச் சுரங்கத்துக்குள் வெக்கை தாங்காது. பனியன் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அந்த வெக்கையில் திடீரென்று ஒரு கன்னத்தில் மட்டும் சில்லென்று காற்று படும் பாருங்கள்... அந்தச் சுகம் எந்த ஏசியிலும் கிடையாது.

அப்போது நான் டிம்பர் கேங்கில் இருந்தேன். பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கிற வேலை. மீசை கறுப்பு, கால் ஒரு இடத்தில் நிற்காது. மேலேயிருந்து நல்ல காற்று ஷாஃப்ட் வழியாகத்தான், அந்தச் செங்குத்துக் குழி வழியாகத்தான், கீழே இறங்கும். காற்று வருகிற பக்கம் முகத்தைக் காட்டி நடந்தால் ஷாஃப்ட் வந்துவிடும். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி வெளியே போய்விடலாம்.

ஒருநாள் என் தொப்பி விளக்கும் அணைந்தது, கூட வந்த செல்வராஜின் விளக்கும் அணைந்தது. கும்மிருட்டு. அவன் என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாடா, எப்பிடிப் போறது?"

"மூடிகினு வாடா."

காற்றைப் பிடித்தே ஷாஃப்ட் வரை கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தேன். எங்கள் கேங்கில் வழி கேட்பது மானக்கேடு. புதுசாக வந்தவன்தான் கேட்பான்.

போன மாதம்...

பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறேன். மெஜஸ்டிக் ஸ்டேஷனில், தரைக்கடியில் மெட்ரோவை விட்டு இறங்கி, மேலே வந்து, நம்ம ஊர் ரயிலைப் பிடிக்க வேண்டும். வருஷக் கணக்காகப் போய்வருகிற வழி. அன்றைக்கு இறங்கியதும் நின்றுவிட்டேன். எந்தப் பக்கம்? எல்லாப் பக்கமும் ஒரே டைல்ஸ், ஒரே வெளிச்சம்.

அப்போது கன்னத்தில் காற்று பட்டது.

கால் தானாக நடந்தது. காற்று வலுக்க வலுக்க எனக்குச் சந்தோஷம். பிளாட்பாரக் கடைசி வரை போய்விட்டேன். தடதடவென்று மெட்ரோ ரயில் வந்து நின்றது, அது தள்ளிக்கொண்டு வந்த காற்றும் நின்றது. கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று. திரும்பி அந்தப் பக்கம் நடந்தேன். அங்கேயும் ரயில்தான் வந்தது! சுற்றிலும் அத்தனை ஜனம். ஒருவரையும் கேட்கவில்லை.

மகள் போன் செய்தாள்.

"எங்கப்பா கீறீங்க? டிரெய்ன் ஏறிட்டீங்களா?"

"ஷாஃப்ட்டாண்ட வந்துட்டேம்மா."

வாய் தவறி வந்ததா, நிஜமாகவே அப்படி நினைத்தேனா... இன்னும் எனக்குத் தெரியவில்லை.

"அங்கியே நில்லுங்கப்பா. நான் வரேன்."

வந்தாள். கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனிமேல் தனியாக வரக்கூடாது, அம்மாவோடுதான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டாள். என் வீட்டுக்காரி மல்லிகாவுக்கு முட்டிவலி, அவளை எங்கே இழுத்துக்கொண்டு போவது? அன்றிலிருந்து வீட்டில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் சமையலறைக்கும் நடக்கிறேன். படுத்தால் மகள் வீட்டு வழியை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். மெஜஸ்டிக் வரை பளிச்சென்று வருகிறது. அதற்குமேல் அறுந்துபோகிறது. பயமாக இருக்கிறது, வேறென்ன சொல்ல.

"வர்ற வாரம் தனியாத்தான் போவேன்" என்று நேற்று மல்லிகாவிடம் சொன்னேன்.

"போங்க, யாரு வேணான்னது? தெரியலன்னா வாயத் தொறந்து கேப்பீங்களா? அதச் சொல்லிட்டுப் போங்க."

எழுந்து வாசலுக்கு நடந்தேன்.

அன்றைக்கு அந்த இருட்டில் இன்னொருத்தனையும் சேர்த்துக் கூட்டிவந்தவன் நான். இன்றைக்கு இவ்வளவு வெளிச்சத்தில், ஒரு ஆளை நிறுத்தி ஒரு வார்த்தை கேட்க நாக்கு எழவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி ஆகிறதா?

இன்று காலை கடைத்தெருவில் முன்பின் தெரியாத ஒரு ஆட்டோக்காரரிடம் போய் நின்றேன்.

"ஊரிகம் ஸ்டேஷனுக்கு எப்பிடிப் போவணும் சார்?"

எங்கள் ஊர் ஸ்டேஷன்தான், பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த வழி. கேட்டுப் பழகத்தான் கேட்டேன். ஆனாலும் அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்...

நான் நினைத்த வழியைத்தான் சொன்னார்.