எதிர் மனையில் நின்ற வீட்டு வண்டி

முதலில் வெளிவிளக்கு. பிறகு சமையல் மேடைக்கு மேலிருந்த நீள விளக்கு. அப்புறம் மின்விசிறி, குளிர்பெட்டி. பெரியப்பா தன் வீட்டு வண்டிக்குள் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்ததை, எங்கள் அரியாங்குப்பம் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா, அம்மா, நான். மூன்று பேருமே பார்க்காதது போலப் பார்த்தோம். மழை விடாமல் பெய்தது. கடைசியில் அந்த வண்டிக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: பெரியம்மாவின் ஆக்சிஜன் மிஷின்.

பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம்படும் 'சொல்தா'தான் தெருவில் அவருக்குப் பெயர். தாத்தா இறந்தபோது அவர் பிரான்சிலிருந்து வரவில்லை. மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளியை இளையவரான அப்பா வைத்தார். சுடுகாட்டிலிருந்து திரும்பிய ஈரத்தோடு, இனி அண்ணன் இந்த வாசப்படியை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். சில வீடுகளில் நகையைப் பூட்டி வைப்பார்கள். எங்கள் வீட்டில் கோபத்தை. பல வருடம் கழித்து, நுரையீரல் சுருங்கிப்போன பெரியம்மாவைப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வந்த பெரியப்பா, சேதராப்பட்டுப் பட்டறை ஒன்றில் ஒரு வேனை வீடாக மாற்றி, நேராகக் கொண்டுவந்து எங்கள் எதிர் மனையில் நிறுத்தினார். அவர் பாகத்துக்கு வந்த மனை அது. வாழ வந்த வீட்டைப் பார்த்தபடி படுத்திருக்க வேண்டும் என்று பெரியம்மா ஆசைப்பட்டாராம். படியை மிதிக்காமல் அந்த ஆசையை நிறைவேற்றப் பெரியப்பாவுக்கு வேறு வழி தெரியவில்லை.

கட்டிலுக்கடியில் பேட்டரிகள், கூரைமேல் சோலார் தகடுகள், உள்ளே ஓடிய வயர்கள் எல்லாமே பிரான்சிலிருந்து அவர் கப்பலில் வரவழைத்தவை. வெயில் அடித்தவரை, யாரிடமும் எதையும் கேட்க வேண்டாத மனிதராக அவர் இருந்தார். காலையில் ஏணி போட்டு ஏறித் தகடுகளின் தூசியைத் துடைப்பார். கட்டில் பலகையைத் தூக்கி, பேட்டரி முனைகளின் திருகுகளை விரலால் அசைத்துப் பார்ப்பார். அந்த நிமிர்வு அப்பாவை என்னவோ செய்தது. மழை பிடித்துக்கொண்டதும் அப்பாவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். "சொல்தா வண்டிக்கு வெயிலுதான் சோறு. இப்ப பட்டினி" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. எனக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது. இன்றைக்கும் அந்த உதட்டைக் கண்ணாடியில் பார்க்கக் கூசுகிறது.

தகடுகளுக்கு வெளிச்சம் போதாமல் போனதும், பெரியப்பா வண்டியின் எஞ்சினை ஓடவிட்டுப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றப் பார்த்தார். புகை எங்கள் கூடத்துக்குள் வந்தது. அப்பா எழுந்துபோய்க் கதவை அறைந்து சாத்தினார். தெருவுக்கே கேட்டிருக்கும். எஞ்சின் உடனே நின்றது; பிறகு ஓடவே இல்லை. அதற்கப்புறம்தான் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கின. இருக்கும் கரண்டை எல்லாம் அந்த மிஷினுக்கு மிச்சம் பிடிக்கிறார் என்று எங்களுக்குப் புரிந்தது. புரிந்தும் உட்கார்ந்திருந்தோம்.

பொழுது சாய்கிற நேரத்தில் பெரியப்பா வண்டியிலிருந்து இறங்கி வந்தார். தோளில் வயர்ச் சுருள்; அதன் மறுமுனை வண்டியில் மாட்டியிருந்தது. குடை இல்லை. கதவைத் திறந்த அப்பாவுக்கு முன்னால், படிக்குக் கீழே மழையிலேயே நின்றார்.

"தம்பி, அவளுக்கு மூச்சு முட்டுது. ஒரு பாயிண்டு குடு."

அப்பா கையை நீட்டினார். பெரியப்பா கொடுத்த பிளக் நீல நிறத்தில், தேங்காய் மூடி அளவு இருந்தது. அந்த நாட்டில் இப்படிப்பட்ட வண்டிகள் தங்கும் இடங்களில் செருகுவது. எங்கள் சுவரிலிருந்த எந்த ஓட்டையிலும் அது போகாது. அண்ணனும் தம்பியும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேட்டுவிட்ட வெட்கத்தின்மேல் இன்னொரு வெட்கம் ஏறி, பெரியப்பாவின் தலை தாழ்ந்தது. எல்லாவற்றையும் யோசித்துக் கொண்டுவந்த மனிதர், தம்பி வீட்டில் செருக ஒன்றைக் கொண்டுவரவில்லை. அதை யோசிக்க நாங்கள் அவருக்கு எங்கே இடம் வைத்தோம்?

அப்பா அம்மாவிடம் கத்தியை வாங்கிப் பிளக்கை வெட்டி எறிந்தார். வயரின் உறையைப் பல்லால் கடித்து உரித்தார். கூடத்துப் பலகையில் இருந்த பாயிண்டில் இரண்டு கம்பிகளையும் நுழைத்து, நழுவாமல் இருக்கத் தீக்குச்சிகளைச் செருகி இறுக்கினார். பச்சையும் மஞ்சளுமான மூன்றாவது வயர் மட்டும் அந்தரத்தில் தொங்கியது.

"எர்த்து?" என்றார் பெரியப்பா, வெளியிலிருந்தே.

"இந்த வூட்ல ஏது அதெல்லாம்? சுச்சிய போடவா?"

"போடு."

எதிரே வண்டிக்குள், கரண்ட் வந்ததைக் காட்டும் சிறு விளக்கு எரிந்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ பேசுவது போலச் சொன்னார்: "உள்ள வந்து நில்லு. நனையுற."

பெரியப்பா வாசப்படியைப் பார்த்தார். பிறகு தன் பாதங்களைப் பார்த்தார். "காலெல்லாம் சேறா இருக்குடா" என்று மெல்லச் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அம்மா துண்டை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே மழையில் ஓடினாள்.

மழை விட்டதும் வண்டி கிளம்பியது. வண்டியை விற்றுவிட்டு அவர்கள் பிரான்சுக்குத் திரும்பினார்கள். பெரியம்மா அங்கேயே இறந்துபோனார். பெரியப்பா பிறகு வரவில்லை. அவர்கள் போன கையோடு அப்பா ஆள் வைத்துத் தோட்டத்தில் குழி தோண்டினார். உப்பும் கரியும் கொட்டி எர்த் இறக்கினார். வெளிச்சுவரில், எதிர் மனையைப் பார்த்தபடி, மழைத்தண்ணி படாத மூடி போட்டு ஒரு பாயிண்ட் வைத்தார். எதற்கு என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

இதுவரை யாரும் அதில் எதையும் செருகியதில்லை. ஒவ்வொரு வருடமும் முதல் மழைக்கு முன்னால் அப்பா டெஸ்டரோடு போய் அந்த மூடியைத் திறந்து, கரண்ட் வருகிறதா என்று பார்ப்பார். அந்த நேரத்தில் நான் ஜன்னல் பக்கம் போவதில்லை.