நேராக்கிய கை

மூங்கில் தப்பையை அவிழ்த்த அன்று என் வலது கை முழங்கையிலிருந்து உட்பக்கமாக வளைந்திருந்தது. திருத்தணி மலையடிவாரத்தில் மாட்டுவண்டியிலிருந்து விழுந்து, முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்திருந்தது. நாட்டு வைத்தியர் கட்டியதில் அது கோணலாகவே கூடிவிட்டது. எனக்கு அப்போது ஒன்பது வயது. யுத்த காலம்.

வலி இல்லை. அந்தக் கையால் சோறு பிசைந்தேன், பூக்கட்டினேன், கிணற்றில் நீர் சேந்தினேன். தெருப் பிள்ளைகள் ‘கோணக்கை’ என்றார்கள். என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் அந்தக் கையைப் பார்க்காமலே என்னோடு பேசப் பழகிக்கொண்டார்.

மறு வருடம் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயிலில் அழைத்துப்போனார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

“கை நல்லா மடங்குது, நீளுது. கோணல் பார்வைக்குத்தான். விட்டுடலாமே.”

“பொம்பளப் பொண்ணுங்க. இந்தக் கைய வச்சிக்கினு இருந்தா எவன் கட்டுவான்?”

டாக்டர் என்னிடம் திரும்பினார். “உனக்கு வேணுமாம்மா?”

“அதுக்கு இன்னாங்க தெரியும்” என்றார் நைனா.

ஆஸ்டியோடமி (எலும்பை வெட்டி நேராக்கும் அறுவை) செய்தார்கள். மாவுக்கட்டைப் பிரித்தபோது கை நேராக இருந்தது. நைனா அழுதுவிட்டார்.

“விறைப்பா இருக்கும். அவளே மெதுவா மடக்கட்டும். யாரும் இழுக்கக் கூடாது” என்று டாக்டர் எச்சரித்தார்.

“ஆங், சரிங்க.”

ஊர் திரும்பியதும் அவருக்குப் பொறுமை போய்விட்டது. காலையில் சுடவைத்த எண்ணெயைத் தடவி, என் மேற்கையை முழங்காலால் அழுத்திக்கொண்டு, முன்கையை வளைப்பார்.

“டாக்டரு வேணான்னாரே” என்றாள் அம்மா.

“நீ சும்மா கெட. தெருவுக்குக் கேக்குது, வாயப் பொத்து.”

அம்மா என் வாயைப் பொத்தினாள்.

முழங்கை வீங்கி, கல்போல இறுகியது. மறுபடி ஆஸ்பத்திரி. தசைக்குள் எலும்பு படிந்துவிட்டதாம் (காயம்பட்ட தசையை மேலும் இழுத்தால் இப்படி ஆவதுண்டு).

“இழுத்தீங்களா?”

“இல்லவே இல்லீங்க” என்றார் நைனா.

டாக்டர் என்னைப் பார்த்தார். நைனாவின் கை என் தோள்மேல் இருந்தது.

அதன்பின் அந்தக் கை என் வாய்வரை வந்ததேயில்லை.

பெண் பார்க்க வந்தவர்களுக்கு நேரான கை பிடித்திருந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் நான் இடக்கையால் சாப்பிடுவதைக் கண்ட மாமியார், என் இலையை எடுத்துக் கொல்லையில் வீசினார். அந்த வீட்டில் இருந்தவரை எனக்குத் தனிச்சாப்பாடுதான்.

உங்கள் பிள்ளைக்கு இந்த அறுவை நடந்தால், கட்டுப் பிரித்தபின் கை விறைத்திருப்பதைக் கண்டு பதறாதீர்கள். டாக்டர் சொன்னபடி காத்திருங்கள். பிள்ளை அலறினால் உங்கள் கையை எடுத்துவிடுங்கள்.

எனக்கு வயதாகிவிட்டது. இடது உள்ளங்கை காய்த்து, விரல்கள் முண்டும் முடிச்சுமாக இருக்கின்றன. வலது கை மெலிந்து, வழவழப்பாக, காய்ப்பே ஏறாமல் தொங்குகிறது. குளிக்கையில் அதைத் தேய்க்கும்போது யாரோ வீட்டுச் சிறுமியைக் குளிப்பாட்டுவதுபோல் இருக்கும். வலிக்குமோ என்று மெதுவாகத்தான் தேய்க்கிறேன்.