என் பாட்டு நாட்டுப்புறப் பாட்டான கதை

பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில், ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்தபடி நான் ஒரு பாட்டுக் கட்டினேன். அதைத் தமிழ்நாடே கேட்டிருக்கிறது. கட்டியது நான் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். அதனால் சொல்வதை விட்டுவிட்டேன். இங்கே எழுதுவதோடு சரி.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. கல்யாணமான புதிதில் பிழைப்புத் தேடித் திருப்பூர் வந்தோம். சின்ன வயதிலிருந்தே சர்ச்சில் பாடிய குரல் எனக்கு. எதைப் பாடினாலும் கடைசிச் சொல்லை இழுத்து, லேசாக வளைத்து, கீழே இறக்கி நிறுத்துவேன். எங்கள் ஊரில் இழவு வீட்டிலும் அப்படித்தான் பாடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலும் அப்படித்தான். இங்கே வந்த பிறகு மாரியம்மன் நோம்பியில், அதாவது திருவிழாவில், திடும் மேளம் கேட்டேன். அடிவயிற்றில் இறங்கும் அடி அது. மறுநாள் பார்த்தால் மெஷின் பெடலை நான் அதே தாளத்தில் மிதித்துக்கொண்டிருக்கிறேன்.

தைத்த பீஸ்களை அடுக்கிக் கட்டுபவர் ஒரு பீகார்க்காரர், என் வயதுதான் இருக்கும். நான் முனகுவதைக் கேட்டு மேஜையில் தட்டுவார். விழ வேண்டிய இடத்தில் அடி விழாது, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் விழும். "தீதி, பாடுங்க" என்பார். தீதி என்றால் அவர் மொழியில் அக்கா. என் இழுப்பு, திடும் அடி, அவர் தட்டு மூன்றும் சேர்ந்து ஒரு பாட்டானது. "பனியனத் தைக்கிறது நானு, போட்டுட்டுப் போறது யாரு" என்று தொடங்கும். எங்கள் தையல் லைன் முழுக்கப் பாடும்.

ஆயுத பூஜையன்று முதலாளி கேட்டுக்கொண்டதால் எல்லார் முன்னாலும் பாடினேன். யாரோ எடுத்த வீடியோ எங்கெங்கோ சுற்றி, கடைசியில் சென்னையிலிருந்து ஓர் இசையமைப்பாளரின் உதவியாளர் மைக்கோடு வந்து நின்றார்.

"அக்கா, இந்த சவுண்டு சிட்டில கிடைக்காது. மெஷின மிதிச்சுக்கிட்டே பாடுங்க."

பாடினேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போது எரிச்சல்தான் வருகிறது.

ஒருநாள் காலையில் கம்பெனி வேனில் என் பாட்டு சினிமாப் பாட்டாக ஓடியது. குரல் வேறு யாருடையதோ. வரிகள் காதல் வரிகள். நான் இழுத்து இறக்குகிற இடத்தை நேராக வெட்டியிருந்தார்கள். மற்றபடி மெஷின் சத்தம்வரை எல்லாம் அப்படியே இருந்தது. மெட்டு யாருடையது என்று செல்போனில் பார்த்தேன். நாட்டுப்புறப் பாடல் என்று போட்டிருந்தது. உதவியாளருக்குப் போன் செய்தேன்.

"ஜனங்க பாட்டுதானே அக்கா, வழிவழியா வர்றது" என்றார்.

"தம்பி, நாந்தான் கட்டுனேன். எனக்கு முந்தி யாரும் பாடல."

"சின்ன வயசுல எங்கயாச்சும் கேட்டிருப்பீங்க. உங்களுக்கே ஞாபகம் இருக்காது."

அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை.

பாட்டு போகாத இடமில்லை. கல்யாண மண்டபத்தில் குத்துப்பாட்டாக ஆடினார்கள். தேர்தல் ஆட்டோவில் கட்சிப் பாட்டாக ஊரைச் சுற்றியது. வள்ளி கும்மி ஆடுகிறவர்கள் அந்த அடிக்குக் கை தட்டினார்கள். பீகார்க்காரர் போனில் ஒரு வீடியோ காட்டினார். அவர் ஊர்க் கல்யாணத்தில் போஜ்புரி வரிகளோடு அதே மெட்டு. "தீதி, நம்ம பாட்டு!" என்று குதித்தார். நம்ம என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அவரிடம் போய் எப்படிக் கோபப்படுவது?

முதலாளி உள்ளூர் சேனலில், "இது எங்க கொங்கு மண்ணோட தாளமுங்க, எங்க கம்பெனியில பொறந்துதுங்க" என்று பேட்டி கொடுத்தார். மறுநாள் அவர் அறைக்குப் போனேன்.

"சார், எம்பேர ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"அதுக்கென்னங் கண்ணு, நம்மூருப் பேரு வெளிய தெரியுதில்ல? அது போதாதா?"

நம்மூரு என்றார். எத்தனையோ வருஷமாக என்னை ஊர்க்காரியாக எண்ணாதவர் அன்றைக்குச் சேர்த்துக்கொண்டார். மெஷினுக்குத் திரும்பியதும் பக்கத்து மெஷின் அக்கா, "நாம தைக்கிற பனியன்ல நம்ம பேரா இருக்குது? பேசாம தைங்க" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்குப் பற்றி எரிந்தது.

அடி இந்த ஊருடையது, தட்டு பீகாருடையது, இழுப்பு எங்கள் ஊருடையது. அது எனக்கும் தெரியும். அவை என் வாயில்தானே ஒன்று சேர்ந்தன?

அந்தக் கிறிஸ்துமஸுக்கு இங்கே நாங்கள் போகிற சர்ச்சில் அதே மெட்டில் இயேசு பிறப்புப் பாட்டு எழுதியிருந்தார்கள். பாட்டுச் சொல்லித் தருகிறவர் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தம்பி. ஒத்திகையில் என்னை நிறுத்தினார்.

"அக்கா, மெட்டு தப்பா வருது. கடைசில இழுக்காதிய. சினிமாப் பாட்ட நல்லாக் கேட்டுட்டு வாங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "சரி தம்பி" என்றேன். வீட்டில் சமைத்துக்கொண்டே அந்த சினிமாப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, நேராக நிறுத்தப் பழகினேன். பண்டிகையன்று பிசிறில்லாமல் பாடினேன். சபையார் வந்து கை கொடுத்தார்கள்.

இப்போது கம்பெனியில் நான் பாடுவதில்லை. பீகார்க்காரர் கேட்டால் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன்.